முதுகில் பழைய தழும்புகள் உள

திருத்துறைப்பூண்டிக்கு மேற்கே உள்ள எங்கள் ஊரில், பழைய வீட்டை 2009 இல் பிரித்தோம். அப்போது பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் நகல் நோட்டுகள் ஏழு கிடைத்தன. தாத்தா 1938 முதல் கிராம முன்சீப், அதாவது அரசு ஏற்ற ஊர்த்தலைவர். ஊர் வழக்கில் பட்டாமணியார். தாசில்தாருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் அனுப்பும் எதையும் முதலில் நோட்டில் எழுதித் திருத்திய பிறகே நல்ல தாளில் படியெடுப்பது அவர் வழக்கம். அதனால் மேலிடத்துக்குப் போன வாசகம் மட்டுமன்றி, அது எப்படி உருவாயிற்று என்பதும் அந்த நோட்டுகளில் தங்கிவிட்டது. கிஸ்து பாக்கி, வாய்க்கால் தகராறு, மாடு காணாமற்போன புகார் ஆகியவற்றுக்கு நடுவே, 1957 அக்டோபரில் எழுதிய ஒன்றரைப் பக்கப் பிரேத விசாரணை அறிக்கை ஒன்று இருந்தது. நான் அரசு மருத்துவமனைகளில் இருபத்தாறு ஆண்டுகள் பிரேதப் பரிசோதனை செய்தவன். மற்ற பக்கங்களைப் புரட்டிய கை அங்கே நின்றதற்கு அது ஒன்றே காரணம்.

இறந்தவர் ஒரு பண்ணையாள். குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்தது. அடித்த நெல்லைக் களத்தில் குவித்து, மேலே சாம்பலால் குறியிட்டு, இரவுக் காவலுக்கு அவரை வைத்திருந்தார்கள். விடிந்து ஆட்கள் களத்துக்கு வந்தபோது வைக்கோல்மேல் இறந்துகிடந்தார். தாத்தாவின் வாசகம் இது:

“மேற்படி சவம் களத்தின் வடபுறம், தெற்கே தலையும் வடக்கே காலுமாக, மல்லாந்த நிலையில் கிடந்தது. வயது சுமார் முப்பத்தைந்து. நீளம் ஐந்தடி நாலங்குலம். இடுப்பில் அழுக்கடைந்த நாலுமுழத் துண்டு ஒன்று. கண்கள் பாதி மூடியிருந்தன. வாயோரத்தில் எச்சில் வழிந்து உலர்ந்த சுவடு. ரத்தக்காயம், எலும்பு முறிவு, கழுத்தில் கயிற்றுத்தடம் யாதுமில்லை. தலையாரி புரட்டிக் காட்டப் பார்வையிட்டதில், முதுகில் பழைய தழும்புகள் உள. அவை மரணத்துக்குச் சம்பந்தப்பட்டவை அல்ல. பஞ்சாயத்தார் ஐவரும் ஏகமனதாக, மேற்படியான் தனக்கு நெடுநாளாயிருந்த வயிற்றுவலியால் இறந்ததாகவும், ஐயத்துக்கு இடமில்லை என்றும் அபிப்பிராயப்படுகிறார்கள்.”

இதில் ‘பழைய’ என்ற சொல் மட்டும் வரிக்கு மேலே, சிறிய எழுத்தில், கீழே ஒரு கூரைக்குறி இட்டுச் சேர்க்கப்பட்டிருந்தது. எழுதும் வேகத்தில் விட்டுப்போன சொல்லைப் பிறகு சேர்ப்பது எல்லாருக்கும் வழக்கந்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

திடீர்ச் சாவை விசாரிக்கக் கிராம முன்சீப்புக்கு என்ன அதிகாரம் என்று இன்று கேட்கத் தோன்றும். சென்னை மாகாணத்தில் 1816 ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டமே ஊர்த்தலைவரைக் காவல் பணிக்குப் பொறுப்பாக்கிவிட்டது. பிறகு 1898 ஆம் ஆண்டின் குற்ற விசாரணை முறைச் சட்டம், 45 ஆவது பிரிவில், ஊரில் நேரும் திடீர்ச் சாவையும் ஐயத்துக்குரிய சாவையும் உடனே தெரிவிக்கும் கடமையைக் கிராம அதிகாரிகள்மேல் சுமத்தியது. 174 ஆவது பிரிவின்படி அத்தகைய சாவைப் போலீசார் நேரில் வந்து விசாரிக்க வேண்டும். ஆனால் சென்னை, பம்பாய் மாகாணங்களில் மட்டும் ஊர்த்தலைவரே அதைச் செய்து மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை அனுப்பலாம் என்று ஒரு சிறப்பு ஏற்பாடு இருந்தது. மழைக்காலத்தில் மாட்டுவண்டியே சேற்றில் இறங்கிவிடும் டெல்டாக் கிராமங்களுக்கு அது வசதிதான். அந்த வசதியின் பேரில்தான் எங்கள் தாத்தா அன்று காலை குடையும் நோட்டுமாகக் களத்துக்குப் போயிருக்கிறார்.

அந்தப் பிரிவு கேட்கும் விவரங்களைப் பாருங்கள். உடலில் காணும் காயங்கள், முறிவுகள், கன்றல்கள், பிற அடையாளங்கள் எவை, அவை எவ்வகையில், என்ன ஆயுதத்தால் ஏற்பட்டிருக்கக்கூடும் என்று எழுத வேண்டும். அக்கம்பக்கத்தில் வசிக்கும் மரியாதைக்குரியோர் இருவரோ அதற்கு மேற்பட்டவரோ உடனிருக்க வேண்டும். அதாவது சட்டம் உடலைப் பார்க்கச் சொல்கிறது. பார்ப்பவர்கள் மரியாதைக்குரியவர்களாக இருக்க வேண்டும் என்கிறது. 1957 இல், கீழத்தஞ்சையின் ஒரு கிராமத்தில், மரியாதைக்குரியோர் யார் என்று தாத்தாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஐந்து பஞ்சாயத்தாரில் நால்வர் நிலம் உள்ளவர்கள், ஐந்தாமவர் மளிகைக்கடைக்காரர். சேரியிலிருந்து ஒருவரும் இல்லை. அத்துடன், ‘தலையாரி புரட்டிக் காட்டப் பார்வையிட்டதில்’ என்ற தொடரில் ஒரு தூரம் இருக்கிறது. அந்த ஐவரும் தாத்தாவும் சவத்திலிருந்து எத்தனை அடி தள்ளி நின்றார்கள் என்று அறிக்கை சொல்லவில்லை. அந்த ஊரையும் அந்தக் காலத்தையும் அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதுமில்லை.

இதை வெள்ளைக்காரன் கொண்டுவந்த கோளாறு என்று ஒதுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. சோழர் காலத்தில் வேட்டையில் குறிதவறிய அம்பு ஒருவன்மேல் பாய்ந்து அவன் இறந்துபோனால், சபையாரோ நாட்டாரோ கூடி, வேண்டுமென்று செய்ததன்று எனக் கண்டு, கோயிலில் அணையாமல் எரியும் ஒரு நுந்தாவிளக்கு வைக்கும்படி தீர்ப்பளித்திருக்கிறார்கள். ஒரு விளக்குக்கு நெய் தரத் தொண்ணூற்றாறு ஆடுகள். ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்லில் வெட்டியிருப்பார்கள். உயிருக்கு உயிர் என்று போகாத அந்தத் தீர்ப்புகளில் ஒரு நிதானம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் நான் படித்தவற்றில், கூடியவர் யார், கொடுத்தவர் யார், எத்தனை ஆடு என்பதெல்லாம் இருக்கும். இறந்தவன் வீட்டார் என்ன சொன்னார்கள் என்பது இராது.

முதல்முறை படித்தபோது அறிக்கையின் முடிவில் எனக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. நெடுநாள் வயிற்றுவலிக்காரர் இரவுக் காவலுக்குப் போய், ஓசையில்லாமல் மல்லாந்து இறந்துகிடப்பது அபூர்வம். வயிற்றுப்புண் உடைந்து சாகிறவர் சுருண்டுகிடப்பார். அதற்கு முன் ஊரைக் கூட்டியிருப்பார். விஷமாக இருக்குமோ என்று நினைத்தேன். டெல்டாவில் விஷத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. முன்பெல்லாம் அரளி விதை. சில இடங்களில் கண்வலிக்கிழங்கு. தஞ்சை மாவட்டத்தில் 1960 இல் தீவிர விவசாயத் திட்டம் தொடங்கி, புதிய நெல்லும் உரமும் வந்து, அவற்றின் பின்னாலேயே பூச்சிமருந்தும் வீட்டுக்கு வீடு வந்த பிறகு, பாலிடாலும் எண்ட்ரினும் அந்த இடத்தைப் பிடித்தன. ‘எண்ட்ரினைக் குடிச்சிட்டான்’ என்ற வாக்கியத்தைக் கேட்காமல் எங்கள் தலைமுறையில் யாரும் வளரவில்லை. 1958 இல் கேரளத்தில், கப்பலில் பாலிடாலோடு சேர்ந்து வந்து நஞ்சேறிய கோதுமை மாவைத் தின்று நூறு பேருக்கு மேல் இறந்த பிறகே பூச்சிக்கொல்லிகளுக்குச் சட்டம் தேவை என்ற பேச்சு எழுந்து, 1968 இல் அது வந்தது. பாலிடாலால் இறந்தவர் என்றால் வாயில் நுரையும், மூக்கைத் துளைக்கும் பூண்டு நாற்றமும், ஊசிமுனையாகச் சுருங்கிய கண்மணிகளும் இருக்கும். தாத்தா எழுதியதில் நுரை இல்லை, நாற்றம் இல்லை, வாந்தி இல்லை. இருந்திருந்தால் எழுதியிருப்பார், உலர்ந்த எச்சில் சுவட்டையே விடாத மனிதர் அவர்.

ஐயம் இருக்கிறது என்று எழுதியிருந்தால் உடலை அறுவைக்கு அனுப்பியிருக்க வேண்டும். ஈரலையும் குடலையும் உப்புக்கரைசலில் இட்டுச் சென்னைக்கு, வேதியியல் பரிசோதகருக்கு அனுப்பும் ஏற்பாடு அப்போதே பழையது. அந்த அலுவலகம் 1849 இல் தொடங்கியது. ஆகவே ‘ஐயத்துக்கு இடமில்லை’ என்பது, உடலை இன்றே எடுத்துவிடலாம் என்பதற்கான அலுவல் மொழி. இதில் தாத்தாவை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அறுக்கக் கொண்டுபோக வேண்டாம் என்று அவர் காலடியில் விழுந்து அழுதவர்களில் இறந்தவரின் மனைவியும் ஒருவர் என்று பிறகு தெரிந்தது. வண்டியில் பதினைந்து மைல் கொண்டுபோய், அறுத்துத் தைத்த உடலை மறுநாள் திரும்பப் பெறுவதை எந்தக் குடும்பமும் விரும்பாது. இன்றும் விரும்புவதில்லை, என் அறைக்கு வெளியே அதே அழுகையைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

என் வேலையின் தொடக்கத்தில் நான் செய்த ஒரு தவறை இங்கே சொல்ல வேண்டும். 1988 இல், டெல்டாவில் ஒரு சிறிய அரசு மருத்துவமனையில் இரவுப்பணி. விடியற்காலை நாலு மணிக்குப் பத்து வயதுப் பையனை வயிற்றுவலி என்று தூக்கிவந்தார்கள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், மென்மையாக இருந்தது. முந்தைய நாள் கோயில் கொடையில் சாப்பிட்டதாக அப்பா சொன்னார். வழக்கமான ஊசியைப் போட்டுப் படுக்கவைத்தேன். அப்பாவிடம் கேட்டேன், உடன் வந்த பெரியவரிடம் கேட்டேன்; வாசற்படிக்கு வெளியே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்ற கிழவியிடம் கேட்கவில்லை. நான் அறைக்குத் திரும்பும்போது அந்த அம்மாவே, “அய்யா, புள்ளைக்குக் கண்ணு சொக்குது, முழிக்கச் சொன்னா முழிக்க முடியலங்குது. தூக்கமில்லய்யா அது” என்றார். போய்ப் பார்த்தால் இமைகள் இரண்டும் தொங்கியிருந்தன. நாக்கை நீட்டச் சொன்னேன்; பாதிக்குமேல் வரவில்லை. தரையில் பாய் விரித்துப் படுத்தவன். உடல் முழுவதும் தேடியும் கடித்த இடம் கிடைக்கவில்லை. காற்றுப்பையைக் கையால் அமுக்கியபடியே வேனில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். அவன் பிழைத்தது என் திறமையால் அன்று.

கட்டுவிரியனின் இயல்பு அது. இரவில் நடமாடும், தரையில் படுத்திருப்பவரின் பக்கத்தில் வந்து, அவர் புரளும்போது கடிக்கும். பல் சிறிது, எறும்பு கடித்தாற்போலக்கூட இராது, பலர் விழிப்பதே இல்லை. வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை. ஒன்றிரண்டு மணி நேரத்தில் வயிற்றைப் பிசையும். பிறகு இமை விழும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாமல் வழியும், கடைசியில் மூச்சுத்தசை நின்றுவிடும். அதுவரை நினைவு தெளிவாகவே இருக்கும் என்பதுதான் கொடுமை. இறந்தபின் அறுத்துப் பார்த்தாலும் இதுதான் என்று சொல்ல உடலில் பெரும்பாலும் ஒன்றும் இராது. நல்லபாம்பு கடித்தால் கடிவாய் வீங்கும், கண்ணாடிவிரியன் கடித்தால் ரத்தம் உறையாது. இது மட்டும் தடயத்தை உடலில் விடாமல், உடனிருந்தவரின் நினைவில் விட்டுப்போகிறது.

பாதி மூடிய கண்களும் உலர்ந்த எச்சிலும் என்று தாத்தா எழுதிய வரியை அந்தப் பையனின் முகத்தோடு சேர்த்துப் பார்க்க எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. ஆனால் இறந்தவர் எல்லாருக்கும் கண்கள் பாதி திறந்திருக்கக்கூடும். அதை வைத்து எதையும் நிலைநாட்ட முடியாது. உயிரோடு அவரைக் கடைசியாகப் பார்த்தவர் வேண்டும். மனைவி 1990களிலேயே காலமாகிவிட்டார். மகள் உள்ளூரிலேயே, காலனி வீட்டில் இருந்தார். அப்பா இறந்தபோது அவருக்கு எட்டோ ஒன்பதோ வயது. 2012 மாசியில் போய்ப் பார்த்தேன். யார் வீட்டுப் பிள்ளை என்று சொன்னதும் சற்றுத் தயங்கினார். பிறகு திண்ணையில் சாக்கை விரித்து உட்காரச் சொன்னார்.

“ராத்திரி அப்பா வூட்டுக்கு வந்திச்சு, டாக்டர் தம்பி” என்று தொடங்கினார். அந்த ஒரு வாக்கியம் அறிக்கையில் இல்லை. நடுச்சாமத்துக்கு மேல் வந்திருக்கிறார். வயிற்றைப் பிசைகிறது என்று ஆத்தாளிடம் ஓமத்தண்ணீர் வாங்கிக் குடிக்கப் பார்த்திருக்கிறார், இறங்கவில்லை. “தொண்டைய அடைக்குதுன்னிச்சு. பேச்சு ஒரு மாதிரி குழறுச்சு. கண்ண முழிச்சுப் பாருய்யான்னு ஆத்தா திட்டுது, விரலால தூக்கித் தூக்கி வுட்டுக்கிட்டு இருந்திச்சு அப்பா, இப்புடி” என்று தம் இமையைத் தம் ஆள்காட்டி விரலால் தூக்கிக் காட்டினார். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாடப்புத்தகத்தில் இதைவிடத் தெளிவான வருணனை கிடையாது.

ஆத்தாள் அதைச் சாராயம் என்று நினைத்துவிட்டார். மாகாணம் முழுவதும் 1948 முதல் மதுவிலக்கு; கள்ளச்சாராயம் குடித்தால் குழறல், சொக்கல் எல்லாம் இப்படித்தான் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். காவலை விட்டு வந்தது பண்ணையை மேற்பார்க்கும் காரியக்காரருக்குத் தெரிந்தால் நெல் குறைந்ததற்குப் பொறுப்பேற்க வேண்டிவரும் என்று சொல்லி, அப்பாவே எழுந்து களத்துக்குத் திரும்பிப் போயிருக்கிறார். அவ்வளவு தூரம் போய் வந்தவரைப் பாம்பு கடித்திருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. எட்டடி விரியன் என்று எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர். கடித்தால் எட்டு அடிக்குள் விழுந்துவிடுவார்கள் என்று நம்பிக்கை. அந்தப் பெயரால் எத்தனை பேருடைய நேரம் வீணாகியிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

மறுநாள் களத்தில் ஆத்தாள் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன். மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “கேட்டாத்தானே, தம்பி?” கேட்காமல் தானாகச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் அவரே சொன்னார்: காவலை விட்டு வந்தான், குடித்திருந்தான் என்று இரண்டு குற்றங்கள் இறந்தவர்மேல் ஏறியிருக்கும், பண்ணையிலிருந்து வரவேண்டிய கூலிநெல்லும் வந்திருக்காது. தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952 இலேயே வந்துவிட்டது. அந்தச் சட்டம் எங்கள் ஊர்க் களம்வரை நடந்துவரவில்லை. வயிற்றுவலிக்காரன் என்பதை யாரோ ஒரு பஞ்சாயத்தார் சொல்ல, அது அப்படியே காகிதத்தில் ஏறியது. ஒரு குடும்பத்தின் சாவை அக்குடும்பத்தாரும் அண்டை வீட்டாரும் சொல்வதோடு விட்டுவிடக் கூடாது என்று சட்டத்துக்கே பிற்பாடு தோன்றியது. மணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் பெண் இறந்தால் பிரேதப் பரிசோதனையும் ஆர்டிஓ எனும் வருவாய்க் கோட்டாட்சியரின் விசாரணையும் வேண்டும் என்பது 1983 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு நிலைத்த வழக்கம். பண்ணை வீட்டுக் களத்தில் இறந்தவனுக்கு அப்படி ஒரு ஏற்பாடு இருந்ததில்லை. பரம்பரைக் கிராம அதிகாரிகள் 1980 இல் நீக்கப்பட்டார்கள். 2024 இல் புதிய சட்டம் வந்து 174 ஆவது பிரிவு 194 ஆயிற்று. ‘அக்கம்பக்கத்து மரியாதைக்குரியோர்’ மட்டும் அப்படியே இருக்கிறார்கள்.

பாம்பாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த அம்மாவிடம் விளக்கினேன். தெரிந்திருந்தாலும் அன்றைக்குக் காப்பாற்றியிருக்க முடியாது என்றும் சொன்னேன். செயற்கை மூச்சுக் கருவி இல்லாத காலம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பண்ணையார் வீட்டுக் கொல்லையில் முந்தைய நாள் மாலை கொடுத்த மோரில் ஏதோ கலந்திருந்ததாகவே ஆத்தாள் சாகும்வரை நம்பினார் என்றும், அந்த வீட்டுப் பிள்ளைகளோடு தாம் ஒருநாளும் முகம் கொடுத்துப் பேசியதில்லை என்றும் பிறகு சொன்னார். ஐம்பத்தைந்து ஆண்டுப் பகை. மோரில் ஒன்றும் இல்லை என்று நான் சொன்னதில் அவருக்கு ஆறுதலா ஏமாற்றமா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

நோட்டை வாங்கிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. முதுகைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கேட்டார். அந்த வரியைத் தொட்டுக் காட்டிப் படித்தேன்.

“பழைய தழும்புன்னா போட்டிருக்கு?”

“ஆமாம்மா.”

“பழசும் இருந்திச்சு. முந்தாநாளு பட்டதும் இருந்திச்சு. ரெண்டு மரக்கா நெல்லு கொறையுதுன்னு களத்துலயே வச்சு அடிச்சாங்க. ராத்திரி ஆத்தா மஞ்சப்பத்து போட்டுச்சு, நாந்தான் வெளக்கப் புடிச்சுக்கிட்டு நின்னேன்.”

இரண்டு நாள் பட்ட அடி தழும்பாக இராது. கன்றி, வீங்கி, செந்நீலமாக இருக்கும். பத்தடி தள்ளி நின்றாலும் தெரியும். மஞ்சள் பற்றும் காய்ந்து ஒட்டியிருந்திருக்கும். அந்த அடியால் அவர் சாகவில்லை என்பதை இன்றைக்கும் என்னால் எழுதிக் கையொப்பமிட முடியும். வீட்டுக்கு வந்து விளக்கடியில் நோட்டை வைத்துப் பார்த்தேன். மற்ற வரிகள் எல்லாம் கருநீல மையில் இருந்தன. வரிக்குமேல் கூரைக்குறியிட்டுச் சேர்த்த அந்த ஒரு சொல் மட்டும் பென்சிலில் இருந்தது.